சதுப்பின் பசுமையைக் கணக்கெடுக்கும் கண்கள்

திருமண வீட்டிற்கு வந்த படப்பிடிப்பாளர் ஒருவர், மணமக்களை விட்டுவிட்டு, மூலையில் கிடக்கும் ஒரு நாற்காலியையே அரைமணிக்கு ஒரு தடவை படம் பிடித்துக் கொண்டிருந்தால் நாம் என்ன எண்ணுவோம்? அவருக்கு ஏதோ கோளாறு என்றே எண்ணுவோம். ஆனால் உலகின் வடபுலத்துக் காடுகளிலும் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் நூற்றுக்கணக்கான காமிராக்கள் இவ்வாறே இயங்கி வருகின்றன. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை, மழையோ பனியோ வெயிலோ, அரைமணிக்கு ஒரு தடவை ஒரே காட்சியை அவை படம் பிடிக்கின்றன. அக்காட்சியில் மனிதர் எவரும் இல்லை. குட்டையான சில மரங்கள், கணுக்கால் உயரப் புதர்கள், அவற்றின் அடியில் ஈரப்பாசி, அவ்வளவே.

இப்படங்களுள் எதையும் வீட்டுச் சுவரில் மாட்டத் தோன்றாது. ஆயினும் ஓராண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பனிப்போர்வை விலகுவதும், பழுப்பு நிறம் பச்சையாவதும், பச்சை பொன்னிறமாகி மீண்டும் பனிக்குள் மறைவதும் ஒரு கதைபோல் விரிகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அக்கதை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை அறியவே இத்தனை பாடு. அந்த நாள்களோடு உலகத் தட்பவெப்பத்தின் நலம் பிணைந்திருக்கிறது என்று சொன்னால் மிகையெனத் தோன்றலாம். மிகையன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அழுகாத சதுப்பு

சதுப்பு என்றதும் நமக்குப் பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளோ, நாணல் அடர்ந்த ஏரிக்கரைகளோ நினைவுக்கு வரும். வடபுலத்துச் சதுப்பு வேறு வகை. ஏறத்தாழப் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்நாடுகளை மூடிக் கிடந்த பெரும் பனிப்பாளங்கள் உருகிப் பின்வாங்கின. அவை விட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் தேங்கிற்று. அந்நீரின் ஓரங்களில் ஸ்பாக்னம் என்னும் ஒருவகைப் பாசி குடியேறியது.

இப்பாசிக்கு வேர் இல்லை; பூ இல்லை; விரல் நீளத் தண்டும் மெல்லிய இலைகளுமே உண்டு. ஆயினும் இது செய்யும் வேலை பெரிது. அதன் இலைகளில் உயிருள்ள அணுக்களுக்கிடையே உயிரற்ற வெற்று அணுக்கள் நிறைந்துள்ளன. அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிறு குடங்கள். காய்ந்த பாசியின் எடையைப் போல் பதினைந்து இருபது மடங்கு நீரை அது பிடித்து வைக்கும். முதல் உலகப் போரின்போது பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, இந்தப் பாசியையே காய வைத்துப் பையில் அடைத்துப் போர்வீரரின் புண்களுக்குக் கட்டுப் போட்டனர். பிரிட்டனில் பெண்களும் சிறுவரும் சதுப்புகளுக்குச் சென்று அதனைச் சேகரித்தார்கள்.

நீரைப் பிடித்து வைப்பதோடு ஸ்பாக்னம் நின்றுவிடுவதில்லை. தன்னைச் சூழ்ந்த நீரைப் புளிப்பாக்கியும் விடுகிறது. குளிர், புளிப்பு, காற்றுப் புகாமை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அழுகல் எளிதில் நடவாது. ஊறுகாய்ச் சாடியை மூடி வைக்கும் நம் பாட்டிமார் இதனை நன்கறிவர். மாண்ட பாசியும் புல்லும் மக்காமலே அடியில் படிய, அவற்றின் மேல் புதுப்பாசி வளரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே அதிகம். ஒரு மீட்டர் படிவதற்கு ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். இப்படிவினையே பீட் என்கிறார்கள், கரிமண் எனலாம். நம் நெய்வேலியில் தோண்டப்படும் பழுப்பு நிலக்கரிக்கும் தொடக்கம் இத்தகைய படிவே. பீட் முதிர்ந்து அழுந்தினால் அது பழுப்பு நிலக்கரியாகும்.

இந்தச் சாடி எத்துணை நன்றாகக் காக்கிறது என்பதற்கு ஒரு சான்று. 1950-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் சில்க்கெபோர்க் நகருக்கு அருகே கரிமண் வெட்டிக் கொண்டிருந்தவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டனர். கண்மூடி உறங்குவதுபோன்ற முகம். தாடையில் முளைத்த மயிர்கூட அப்படியே இருந்தது. அண்மையில் நடந்த கொலையென்று எண்ணிக் காவலருக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆராய்ந்தபோது அவன் இறந்து இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தமை தெரிந்தது. டோலுண்ட் மனிதன் என்று அவனுக்குப் பெயர். அவன் கடைசியாக உண்ட கஞ்சியில் வாற்கோதுமையும் ஆளிவிதையும் இருந்தன என்பதைக்கூட வயிற்றிலிருந்து கண்டறிந்தனர்.

ஒரு மனிதனின் முகத்தைக் காத்த சதுப்பு, பல்லாயிரம் ஆண்டுத் தாவரங்களின் கரியையும் அவ்வாறே காத்து வருகிறது. உலக நிலப்பரப்பில் கரிமண் சதுப்புகள் நூற்றுக்கு மூன்று பங்கே. ஆனால் உலக மண்ணில் அடங்கிய கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றில்தான் உள்ளது. உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ள கரியைக் காட்டிலும் இது மிகுதி. மேற்குச் சைபீரியாவின் வாஸ்யுகான் சதுப்பு மட்டுமே ஐம்பதாயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையிலும், பின்லாந்து, சுவீடன், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலும் பெரும் சதுப்புகள் உள்ளன. ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள சதுப்புப் பரப்பினை 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது.

நான்கு மாத வரவு, பன்னிரண்டு மாதச் செலவு

சதுப்பின் கணக்கு ஒரு சிக்கனமான குடும்பத்தின் கணக்கு. இலைகள் பசுமையாய் இருக்கும் காலத்தில் தாவரங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை ஈர்த்து உடலாக்கிக் கொள்கின்றன. இது வரவு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மாண்ட தாவரங்களைச் சிறிது சிறிதாகத் தின்று, கரியமில வாயுவையும் மீதேன் வாயுவையும் வெளிவிடுகின்றன. இது செலவு. சாண எரிவாயுக் கலத்தில் நாம் உண்டாக்குகிறோமே, அதே மீதேன்தான். காற்றில் கலந்தால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலில் அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது.

வடபுலத்தில் வரவுக் காலம் நான்கைந்து மாதங்களே. செலவோ, பனிக்கு அடியிலும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். வரவு செலவு போக ஆண்டு முடிவில் மிஞ்சுவது மிகச் சிறிய தொகை. அச்சிறு தொகைதான் பத்தாயிரம் ஆண்டுகளில் மலையெனச் சேர்ந்தது. ஆகவே, வரவுக் காலம் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினாலும், இரண்டு வாரம் பின்னதாக முடிந்தாலும் கணக்கே மாறக்கூடும். மாறுவது சேமிப்பின் பக்கமா, இழப்பின் பக்கமா? இதுவே கேள்வி.

தளிரும் பூவும் தோன்றும் நாள்களைக் குறித்து வைப்பது புதிய வேலையன்று. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாள்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஏடுகளில் காணப்படுகின்றன. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த இராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார், 1736-ஆம் ஆண்டில் முதல் பூ, முதல் தளிர், முதல் குயிலோசை ஆகியவற்றின் நாள்களைக் குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன், பேரன் என்று அக்குடும்பத்தார் 1958 வரை அவ்வேட்டைத் தொடர்ந்தனர். இருநூறு ஆண்டுக்கு மேல் ஒரு குடும்பம் விடாமல் எழுதிய நாட்குறிப்பு! சொத்துப் பத்திரங்களைக்கூட அவ்வளவு காலம் பாதுகாக்கும் குடும்பங்கள் அரிது.

ஆனால் மார்ஷம் தம் தோட்டத்தில் நடந்தார். சதுப்பில் அவ்வாறு நடக்க இயலாது. கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். ஒருமுறை மிதித்த பாசி மீண்டும் நிமிரப் பல ஆண்டுகள் ஆகும். பார்க்கப் போனவரே பார்க்க வேண்டியதை அழித்துவிடுவார். கோடையில் கொசுப்படை வேறு. சைபீரியாவிலும் கனடாவிலும் சாலையே இல்லாத இடங்களில் நாள்தோறும் யாரை அனுப்புவது? இங்கேதான் காமிராவும் செயற்கைக்கோளும் துணைக்கு வந்தன.

கம்பத்தின் மேல் ஒரு கண்

காமிரா என்றால் விலையுயர்ந்த ஏதோ விந்தைக் கருவி என்று எண்ண வேண்டா. கடைவாசல்களில் காவலுக்கு வைக்கிறார்களே, அத்தகைய கருவியே போதும். சூரியன் கண்ணில் படாதவாறு வடக்கு நோக்கி அதனைப் பொருத்துகிறார்கள். நிறங்களைத் தானாகவே சரிசெய்து அழகுபடுத்தும் வசதியை முதல் வேலையாக நிறுத்திவிடுகிறார்கள். அழகுபடுத்தினால் உண்மை மறைந்துவிடும் அல்லவா?

வண்ணப்படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவாகவே கருவியில் பதிகிறது. இம்மூன்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் பச்சையின் பங்கு எவ்வளவு என்று கணிக்கிறார்கள். மூன்றும் சமமாயின் பச்சையின் பங்கு மூன்றில் ஒன்று. தளிர் விடும்போது அது சற்றே உயரும். இலை பழுத்தால் இறங்கும். மேகமூட்டமானால் படம் முழுதும் மங்குமே என்று கேட்கலாம். மூன்று நிறங்களும் ஏறத்தாழ ஒருசேர மங்குவதால் பங்கின் அளவு பெரிதும் மாறுவதில்லை. எளிய கணக்கு, ஆயினும் நுட்பமானது. நாள்தோறும் கிடைக்கும் இவ்வெண்களை வரிசையாகப் புள்ளியிட்டு இணைத்தால் குன்று போன்ற ஒரு கோடு கிடைக்கும். குன்று ஏறத் தொடங்கும் நாள் இளவேனிலின் தொடக்கம். இறங்கி முடியும் நாள் வளர்காலத்தின் முடிவு.

வட அமெரிக்காவில் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன் என்னும் அறிவியலார் 2008-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஃபீனோகாம் என்ற காமிரா வலையமைப்பு இம்முறையை எங்கும் பரப்பியது. ஐரோப்பாவில், பின்லாந்து வானிலை நிறுவனத்தார் ஆர்க்டிக் வட்டத்திற்கு அப்பால் உள்ள சோடன்குலா என்னும் ஊரில், பைன் மரக்காட்டில் ஒன்றும் திறந்த சதுப்பில் ஒன்றுமாகக் காமிராக்களை நிறுவினர். அவற்றின் அருகிலேயே, காற்று வழியே தாவரங்களும் மண்ணும் எவ்வளவு கரியமில வாயுவை வாங்குகின்றன, எவ்வளவு விடுகின்றன என்று அளக்கும் கோபுரங்களும் உண்டு. படத்தில் பச்சை கூடும்போது வாயு வரவும் கூடுவதை இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டனர். கண்ணால் காணும் நிறத்திற்கும் கண்ணுக்குத் தெரியாத வாயுவிற்கும் உறவு உண்டு என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

சதுப்புக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. காட்டில் மரங்கள் ஏறத்தாழ ஒன்றாகத் தளிர்க்கும். சதுப்பிலோ நான்கடிக்கு ஓர் உலகம். மேடான திட்டில் புதர், பள்ளத்தில் கோரை, இடையில் பாசி. கோரை குளிர்காலத்தில் வாடி, கோடையில் புதிதாய் முளைக்கும். புதர்களுள் சில ஆண்டு முழுதும் இலையோடு இருக்கும்; குளிரில் பழுப்பேறி, வெப்பம் வந்ததும் அதே இலை பச்சையாகும். பாசியோ, பனியிலிருந்து வெளிப்படும்போதே பச்சை நிறத்தோடு வெளிப்படும். கோடையில் நீர் வற்றினால் வெளுத்துவிடும். எனவே படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இது பாசியின் பகுதி, இது புதரின் பகுதி என்று வரைந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கெடுக்கிறார்கள். வில்லையின் மேல் பனி படிவதும், கம்பம் காற்றில் சாய்ந்து காட்சி மாறுவதும் அன்றாடத் தொல்லைகள்.

வானிலிருந்து பார்த்தால்

ஒரு காமிராவின் பார்வை ஒரு வயலின் அளவே. வாஸ்யுகானை அளக்க எத்தனை கம்பங்கள் நடுவது? ஆகவே வானத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று. லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் ஏவப்பட்ட டெர்ரா, உலகம் முழுவதையும் ஏறத்தாழ நாள்தோறும் பார்த்துவந்தது. ஆனால் அதன் கண்ணுக்கு 250 மீட்டர் அகலமுள்ள நிலம் ஒரு புள்ளி. 2015 முதல் ஐரோப்பிய நாடுகள் ஏவிய சென்டினல்-2 வகைக் கோள்கள் 10 மீட்டர் அகலத்தையே ஒரு புள்ளியாகக் காண்கின்றன. இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கின்றன.

பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இலை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். விழுங்கியதற்கும் திருப்பியதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணாக்கினால் நிலத்தின் பசுமை கிடைக்கும். வயல்களுக்கும் காடுகளுக்கும் இம்முறை நன்கு பயன்படுகிறது. வடபுலச் சதுப்பில் மட்டும் இது பலமுறை ஏமாற்றும். பனி உருகும்போது, தளிர் ஒன்றும் விடாமலே இந்த எண் கிடுகிடுவென்று உயரும். பனி வெண்மை போய்ப் பழுப்புத் தரை தெரிவதையே கணக்கு 'பசுமை' என்று படித்துவிடும். தேங்கிய நீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், நல்ல பசுமையும் குறைவாகத் தோன்றும். மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது. தளிர்க்கும் அந்த ஒரே வாரம் மேகத்தில் மறைந்துவிட்டால், அவ்வாண்டின் முக்கியமான ஏடு கிழிந்தது போலத்தான். பனிக்காலத்தில் சூரியனே சரிவர எழுவதில்லை.

பனியால் ஏமாறாத ஒரு புதிய கணக்கு முறையைச் சுவீடனின் லுண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். ஐரோப்பிய நாடுகளின் தாவரப் பருவ வரைபடங்கள் இன்று அம்முறையிலேயே ஆக்கப்படுகின்றன. ஆயினும் வானத்துக் கண் சொல்வது உண்மையா என்று சோதிக்கத் தரையில் ஒரு கண் வேண்டும். 'இந்நாளில் தளிர்த்தது' என்று கோள் சொன்னால், அன்றைய படத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். படத்தில் இன்னும் பனி கிடக்கும்! அப்போது திருத்தம் செய்ய வேண்டியது வானத்துக் கணக்கையே. கம்பத்துக் காமிராவும் விண்கோளும் போட்டியாளர்கள் அல்லர். ஒருவர் சாட்சியை மற்றவர் சரிபார்க்கும் இரு சாட்சிகள்.

வெப்பமூட்டப்பட்ட சதுப்பு

இதுவரை சொன்னது நடப்பதைப் பார்த்தல். இனி நடக்கப்போவதைப் பார்ப்பது எவ்வாறு? அமெரிக்கரின் துணிவான முயற்சி ஒன்றை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும்.

மின்னசோட்டாவின் மார்செல் ஆய்வுக் காட்டில், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடமும் அமெரிக்க வனத்துறையும் சேர்ந்து, ஒரு சதுப்பின் மேலேயே பத்துக் கூண்டுகளை எழுப்பின. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் அகலம்; கண்ணாடிபோன்ற சுவர்; மேலே கூரையில்லை, மழையும் பனியும் உள்ளே விழ வேண்டுமே! உள்ளே வளர்ந்து நிற்கும் ஸ்புரூஸ், லார்ச் மரங்களோடும் புதர்களோடும் பாசியோடும் அச்சதுப்பு அப்படியே இருக்கிறது. சூடான காற்றை உள்ளே செலுத்தினர். அது போதாதென்று, கரிமண்ணின் உள்ளே ஆழமாகக் கம்பிகளை இறக்கி மண்ணையும் சூடாக்கினர். மண்ணைச் சூடாக்குவது 2014-இலும் காற்றையும் சேர்த்துச் சூடாக்குவது 2015-இலும் தொடங்கின. சில கூண்டுகளில் கூடுதல் வெப்பம் ஒன்றுமில்லை; மற்றவற்றில் 2.25, 4.5, 6.75, 9 பாகை செல்சியஸ் என்று படிப்படியாக மிகுதி. பாதிக் கூண்டுகளில் கரியமில வாயுவையும் கூட்டினர். ஒவ்வொரு கூண்டினுள்ளும் காமிரா ஒன்று.

அங்கு நின்ற ஐயம் இது. வட நாட்டுத் தாவரங்கள் இளவேனில் வந்துவிட்டதை இரண்டு வழிகளில் அறியலாம்: வெப்பத்தால், அல்லது பகல் நீளத்தால். வெப்பம் ஏமாற்றும், பகல் நீளம் ஏமாற்றாது. மாசியில் நான்கு நாள் வெயிலடித்தாலும் பகல் நீளம் மாசியின் நீளமே. எனவே உலகம் எவ்வளவு வெப்பமானாலும், 'இன்னும் நாள் வரவில்லை' என்று பகல் நீளம் தாவரங்களைக் கட்டிப்போடும். வளர்காலம் ஓர் எல்லைக்குமேல் நீளாது என்று பலர் நம்பினர்.

கூண்டுகளின் படங்கள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. ரிச்சர்ட்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இதுவே: வெப்பம் ஏற ஏற, அதே அளவில், தளிர்ப்பது முந்துகிறது, இலை பழுப்பது பிந்துகிறது. ஒன்பது பாகை வரை இந்த நேர்க்கோடு வளையவில்லை. பகல் நீளம் கட்டுப்படுத்தியதற்கு அடையாளம் அரிதாகவே இருந்தது. இக்கணக்கின்படி, மனிதர் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தினால் இந்நூற்றாண்டின் இறுதியில் அச்சதுப்பின் பசுமைக் காலம் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை நீளும். கட்டுப்படுத்தாவிடின் மூன்று முதல் ஆறு வாரம் வரை நீளும்.

நல்லதுதானே, பசுமை நீண்டால் வரவு கூடுமே என்று தோன்றுகிறதா? 2016-ஆம் ஆண்டு இளவேனில் விடை சொல்லிற்று. மிகுதியாகச் சூடாக்கிய கூண்டுகளில் தாவரங்கள் முந்திக்கொண்டு தளிர்த்தன. குளிரைத் தாங்குவதற்காக அவை இலையுதிர்காலம் தொட்டுச் சேர்த்து வைத்திருந்த கடினத்தன்மையை அதற்குள் களைந்துவிட்டன. திடீரென ஒரு கடும் உறைபனி வந்தது. தளிர்கள் கருகின. வெப்பமூட்டாத கூண்டுகளில் மொட்டுகள் இன்னும் போர்வைக்குள் இருந்தமையால் பிழைத்தன. வெப்பத்தை மட்டுமே நம்பி வெளியே வந்தவை அகப்பட்டுக்கொண்டன. உலகம் வெப்பமாவதால் உறைபனியின் தீங்கு கூடும் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் படங்களில் அது நாளும் நேரமும் குறிக்கப்பட்டுப் பதிந்திருக்கிறது.

அடுத்து நடந்தது இதனினும் கவலைக்குரியது. மேலே புதர்களின் பசுமை நீண்டுகொண்டிருந்தபோது, கீழே பாசி அழிந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் தரை முழுதும் கம்பளம்போல் விரிந்திருந்த ஸ்பாக்னம், மிகச் சூடான கூண்டுகளில் சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் குறைவாயிற்று. சதுப்பு காய்ந்தது ஒரு காரணம். செழித்த புதர்களின் நிழல் மற்றொரு காரணம். இச்செய்தி 2019-இல் வெளிவந்தது. மறு ஆண்டு வந்த கணக்கு இன்னும் கடுமையானது. வெப்பமூட்டிய கூண்டுகள் சேமிப்பதை நிறுத்திவிட்டுச் சேமித்ததைச் செலவிடத் தொடங்கியிருந்தன. பழங்காலத்தில் ஆண்டுதோறும் கரி சேர்ந்த வேகத்தைப்போல் நாலரை மடங்கு முதல் பதினெட்டு மடங்கு வரை வேகமாக அது வெளியேறிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டனார் பதினெட்டு ஆண்டு சேர்த்ததைப் பேரன் ஓராண்டில் கரைப்பது போன்ற கணக்கு.

மேலிருந்து பார்ப்பவருக்கு அக்கூண்டுகள் அதிக நாள் பசுமையாகவே தெரிந்தன! வானத்துக் கண் மட்டும் இருந்திருந்தால் 'வடபுலம் செழிக்கிறது' என்றே எழுதியிருப்போம். வடநாடுகள் பசுமையாகி வருகின்றன என்று செயற்கைக்கோள் படங்களைக் காட்டி மகிழும் கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. படம் பொய்யன்று. ஆனால் அந்தப் பசுமை பாசியின் பசுமையா, பாசியை மூடிய புதரின் பசுமையா என்பதைக் கேட்காமல் மகிழ்வது, கடையில் கூட்டம் கூடியதைப் பார்த்தே இலாபம் என்று எழுதிவிடுவது போலாகும்.

வறட்சியின் பாடம் வேறு விதம். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் வட ஐரோப்பாவில் கடும் வெப்பமும் வறட்சியும் நிலவின. சுவீடன், பின்லாந்து நாடுகளின் சதுப்புகளில் நீர்மட்டம் தாழ்ந்தபோது, அவை ஈர்த்த கரியமில வாயு குறைந்தது. அதே வேளையில் நீர் நிறைந்த மண்ணில் மட்டுமே பிறக்கும் மீதேனும் குறைந்தது. ஒரு பக்கம் இழப்பு, மறு பக்கம் சிக்கனம். நிறத்தை மட்டும் பார்த்து இதனைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் சதுப்புகளில் காமிராவிற்கு அருகே வாயுவை அளக்கும் கோபுரத்தையும், நீர்மட்டத்தைக் காட்டும் குழாயையும் சேர்த்தே நடுகிறார்கள்.

வெப்பத்திற்கு முன்பே சதுப்புகளை வறளச் செய்தவர்கள் மனிதர்கள். பின்லாந்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சதுப்பாய் இருந்தது. மரம் வளர்ப்பதற்கென்றே அதில் பாதிக்கு மேல் வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கரிமண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தனர். மின்நிலையங்களுக்கும் அதனை அனுப்பினர். அவ்வேலைக்கென அமைந்த போர்ட் நா மோனா என்னும் அரசு நிறுவனம், கரிமண் வெட்டுவதை நிறுத்திவிட்டதாக 2021-இல் அறிவித்தது. அந்நிறுவனத்தின் சதுப்புகள் பலவற்றில் வாய்க்கால்களை அடைத்து, நீரை மீண்டும் தேக்கும் பணி நடந்து வருகிறது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பூந்தொட்டிகளில் நிரப்பிய கரிமண்ணுக்கு மாற்றாக, பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நாரெடுத்தபின் எஞ்சும் தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. ஒருகாலத்தில் சாலையோரத்தில் குப்பையாய்க் குவிந்து கிடந்த பொருள் அது.

நீர் தேக்கிய இடத்தில் முதலில் வருவது கோரை. அது காமிராவில் நல்ல பச்சையாகவே தெரியும். கோரையின் உள்ளே காற்றுக் குழல்கள் உண்டு. மண்ணுக்குள் பிறக்கும் மீதேன் அக்குழல்கள் வழியே புகைபோக்கியில் ஏறுவதுபோல் வெளியேறிவிடும். அதன்பின் மெல்ல மெல்லத்தான் ஸ்பாக்னம் திரும்பும். திரும்பிய பாசி, கோரை பழுத்து வாடிய பின்னரும் பனி மூடும் வரை மங்கிய பச்சையாக நிற்கும். ஆகவே சீரமைத்த சதுப்பின் படங்களைப் பார்க்கும் ஆய்வாளர்கள், கோடையின் உச்சத்துப் பசுமையைக் காட்டிலும், கோரை வாடிய இலையுதிர்காலத்தில் தரையோடு தரையாக எஞ்சி நிற்கும் அந்த மங்கிய பச்சையையே முதலில் தேடுகின்றனர்.